நிதியமைச்சரைக் காக்க வைத்த கோட்டையார்

நம் மாநில நிதியமைச்சரின் அலுவலகத்தைப் பற்றிக் கோட்டையாருக்குத் தெரிந்த அளவு, அதில் உட்கார்ந்து எழுந்த அமைச்சர்களுக்கே தெரியாது என்று நான் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்வேன். வரி, கடன், பற்றாக்குறை பற்றியெல்லாம் அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது அந்த அறையின் கதவு. அதுவும் வெளிப்பக்கம்.

கோட்டையார் என்பது ஸ்ரீவில்லிபுத்தூர் அவருக்கு வைத்த பெயர். மெட்ராஸ் கோட்டையில், நிதியமைச்சர் அறை வாசலில் டவாலியாக நின்று தலை நரைத்தவர். வெள்ளைக் கோட்டு, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே இறங்கும் சிவப்புப் பட்டை, தலைப்பாகை. அமைச்சரைப் பார்க்க வருகிறவர்களை நிறுத்தி, சீட்டை வாங்கி உள்ளே கொடுத்து, கண்ணசைவு வந்ததும் கதவைத் திறந்து விடுகிற உத்தியோகம். எண்பதுகளின் கடைசியில் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். அவர் மனைவி ஆவுடையக்காவுக்கு அன்றைக்குப் பிடித்தது சனி.

வாழ்நாளெல்லாம் வாசலில் நின்ற மனிதரை வீட்டுக்குள் உட்கார வைப்பது எப்படி? அவர் தன் வீட்டு வாசலிலேயே நிற்க ஆரம்பித்தார். பால்காரம்மா வந்தால் நிறுத்தி, உள்ளே போய் ஆவுடையக்காவிடம், பால் விஷயமாக ஒருவர் வந்திருக்கிறார், பார்க்கிறீர்களா என்று கேட்டு, மறுபடி வெளியே வந்து, போகலாம் என்பார். வத்திராயிருப்பிலிருந்து மைத்துனர் பலாப்பழத்தோடு வந்தபோது, என்ன விஷயமாக வந்திருக்கிறீர்கள், முன்கூட்டிச் சொல்லியிருக்கிறீர்களா என்று விசாரித்தார். மைத்துனர் பலாப்பழத்தைத் தோளிலிருந்து இறக்காமலே அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டார். பழம் போன வருத்தத்தில் ஆவுடையக்கா எங்கள் சீனியரிடம் வந்து நின்றார்.

சீனியர் என்றால் வக்கீல். நான் அவரிடம் ஜூனியர். கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஆபீஸ்.

"வக்கீலய்யா, இவியளுக்குச் சம்பளம் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நிக்கதுக்கு ஒரு கதவு மட்டும் குடுங்க. வீட்டுல என்னால அடுப்படிக்குள்ள போக வர முடியலை" என்றார் ஆவுடையக்கா.

எங்கள் ஆபீஸில் கதவு இருந்தது. கட்சிக்காரர்கள்தான் இல்லை. சீனியருக்குச் சட்டம் நன்றாகத் தெரியும். ஆனால் சந்தில் போகிற எவனும் திறந்த கதவு வழியாக அவர் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். கூப்பிட்ட உடனே திரும்பிப் பார்க்கிற வக்கீலிடம் யார் சொத்து வழக்கைக் கொடுப்பார்கள்? நானும் அவரும் பகலெல்லாம் ஆடு புலி ஆட்டம் ஆடினோம். நான் ஜூனியர் என்பதால் எப்போதும் ஆடு.

கோட்டையார் வந்த அன்று செய்த முதல் காரியம், கதவைச் சாத்தியது. அரசாங்கம் கொடுத்த கோட்டு, பட்டை இரண்டையும் ஒப்படைத்துவிட்டு வந்திருந்ததால், பழைய கல்யாணக் கோட்டு ஒன்றை வெளுத்துப் போட்டிருந்தார். ஆவுடையக்கா தன் சேலைக் கரையைக் கிழித்துச் சிவப்புப் பட்டை தைத்துக் கொடுத்திருந்தார். அதில் ஜரிகை மாங்காய் ஒன்று தெரியும். யாரும் சிரிக்கவில்லை. அவர் நின்ற நிலை அப்படி.

முதலில் வந்தவர் வரப்புத் தகராறில் மண்டை உடைந்த ஒரு சம்சாரி. அவரைக் கோட்டையார் பெஞ்சில் உட்கார வைத்தார்.

"அய்யா ஃபைல் பாக்காங்க. செத்த நேரம் இருங்க."

உள்ளே அய்யா கடலைத் தொலி ஊதிக்கொண்டிருந்தார். கோட்டையாரை உள்ளே கூப்பிட்டு, எப்போதோ ஒருவன் வருகிறான், அவனையும் நிறுத்தினால் எழுந்து போய்விட மாட்டானா என்று ரகசியக் குரலில் சண்டை போட்டார்.

"உடனே பாத்தவன் வெளிய போய் ஒண்ணும் சொல்ல மாட்டான்யா. காத்திருந்து பாத்தவன் ஊரெல்லாம் சொல்லுவான்" என்றார் கோட்டையார்.

அப்படியே நடந்தது. அந்த சம்சாரி, பெரிய வக்கீல், பார்ப்பதற்கே அரை நாள் ஆச்சு என்று கட்டுப்போட்ட தலையோடு போய்ச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் சுந்தரபாண்டியத்திலிருந்து நான்கைந்து பேர் வந்தார்கள். அவர்கள் காத்திருப்பதைப் பார்த்து, சும்மா கோர்ட்டுக்கு வந்தவர்களும் என்னவோ ஏதோ என்று பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ராஜபாளையத்திலிருந்து மில்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பெஞ்சு போதவில்லை. எதிரே ஒருவர் டீக்கடை போட்டார். பார் அசோசியேஷனில் மற்ற வக்கீல்கள் எங்கள் சீனியரை மரியாதையாகவும் வயிற்றெரிச்சலாகவும் பார்த்தார்கள். ஆடு புலி ஆட்டத்துக்கு நேரமில்லாமல் போனது.

காத்திருப்பவர்கள் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டுமே. அதற்குக் கோட்டையார் கையில் ஒரு சரக்கு இருந்தது. அதுதான் நிதியமைச்சர் அலுவலகத்தின் வரலாறு.

அமைச்சர்கள் பெயரை அவர் சொல்லவே மாட்டார். வாயில் வராதாம். வெத்தலையய்யா, கண்ணாடியய்யா, பேசாதய்யா, இப்படித்தான் அவருடைய யுகங்கள் பிரியும். வெத்தலையய்யா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாய் நிறைய வெற்றிலையோடு இருப்பார். அப்போது எதைக் கேட்டாலும் துப்ப எழுந்திருக்கச் சோம்பல்பட்டுத் தலையை ஆட்டிவிடுவார். ஆகவே கோட்டையார் நம் பக்கத்து ஆட்களையெல்லாம் சரியாக அந்த நேரத்துக்குத்தான் உள்ளே விடுவாராம். வத்திராயிருப்புப் பக்கம் உள்ள பாலங்களில் பாதி வெற்றிலையில் கட்டியது என்பது அவர் வாதம். பாலத்தில் சிவப்புக் கறை இருக்கிறதா என்று ஒருவர் கேட்டதற்கு, நீங்கள் பார்த்ததில்லையா என்று திருப்பிக் கேட்டார்.

கண்ணாடியய்யாவுக்கு மூக்குக் கண்ணாடி எங்கே வைத்தோம் என்பது எப்போதும் மறந்துவிடும். அவர் காலத்தில் நிதித்துறையின் முக்கிய வேலையே கண்ணாடி தேடுவதுதான். ஒருமுறை பட்ஜெட் வாசிக்கப் போகிற காலையில் செயலாளரிலிருந்து தோட்டக்காரர் வரை தேடி, கடைசியில் அது பட்ஜெட் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

அந்தப் பெட்டியை அறையிலிருந்து சட்டசபை வாசல் வரை தூக்கிக்கொண்டு போகிறவர் கோட்டையார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை என்பார்.

"தூக்கும்போதே தெரிஞ்சிரும்யா. கனமா இருந்தா வரி கூடுது. லேசா இருந்தா எலக்ஷன் வருது."

அந்த அறைக்கு முதலில் அரைக்கதவுதான் இருந்ததாம். நடுவில் மட்டும் மறைக்கிற ஊஞ்சல் கதவு. வெளியே காத்திருப்பவர்களின் கால் உள்ளே இருப்பவருக்குத் தெரியும். காலைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம். செருப்பு இடுக்கில் பஞ்சு ஒட்டியிருந்தால் ராஜபாளையம். கரிசல் மண் ஒட்டியிருந்தால் கோவில்பட்டிப் பக்கம். பேசாதய்யா அப்படிக் கால்களைப் பார்த்தே, அந்த ரோமக்கால் மனிதர் காலையிலிருந்து நிற்கிறாரே, வரச் சொல் என்று சைகை காட்டுவாராம். பிறகு ஏசி வந்தது. குளிர் வெளியே போகக் கூடாது என்று முழுக்கதவு போட்டார்கள். கால்கள் மறைந்தன. நம் மாநில நிர்வாகத்தில் ஏற்பட்ட எல்லாக் கோளாறுக்கும் அந்த முழுக்கதவே காரணம் என்று கோட்டையார் உறுதியாக நம்பினார். எங்கள் ஆபீஸில் முழுக்கதவைச் சாத்தியவரே அவர்தான் என்பதை நான் நினைவூட்டியபோது, அது வேறு, இங்கே ஏசி இல்லை என்றார்.

இந்த வரலாற்றைக் கேட்கவென்றே சிலர் வழக்கே இல்லாமல் வந்தார்கள்.

ஒரே ஒரு அத்தியாயத்தை மட்டும் அவர் சுருக்கமாகச் சொல்வார். கவர்னர் ஆட்சி. மந்திரிசபை கலைந்துவிட்டது. அறையில் அமைச்சர் இல்லை. மற்ற டவாலிகள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். கோட்டையார் மட்டும் காலி அறை வாசலில் தினமும் நின்றார். செக்ஷன் ஆட்கள், உள்ளே யார், காற்றா என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்த ஆட்சியிலேயே அவர் ஓய்வு பெற வேண்டியதாகிவிட்டது. சொல்லிக்கொள்ள உள்ளே ஆள் இல்லை. கதவைத் தட்டி, திறந்து, காலி நாற்காலிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆட்சி மாறி, புதிய நிதியமைச்சர் பதவியேற்றார். அவர் எங்கள் சீனியரோடு சட்டக் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர். சீனியருக்கு ஜில்லாக் கோர்ட்டில் அரசு வழக்கறிஞர் ஆக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பேப்பரில் நண்பரின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாழ்த்து அனுப்பினார். ராஜபாளையத்தில் ஒரு கட்டடம் திறக்க அமைச்சர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, அங்கே போய் மாலை போடுவதா, கௌரவமாக வீட்டிலேயே இருப்பதா என்று ஒரு வாரம் யோசித்தார். கடைசியில் கௌரவமாக ஆபீஸில் இருந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டு, கௌரவமாக நாற்காலியில் தூங்கிப்போனார்.

நான் கோர்ட்டிலிருந்து வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் நுழைகிறேன். எங்கள் பெஞ்சில் நிதியமைச்சர் உட்கார்ந்திருக்கிறார்.

ஆண்டாள் கோவிலில் கும்பிட்டுவிட்டு, பழைய நண்பனைத் திடுக்கிட வைக்கலாம் என்று, பரிவாரத்தைக் கோவில் வாசலில் விட்டு உதவியாளர் ஒருவரோடு நடந்து வந்திருக்கிறார். கோட்டையார் அவரிடம், அய்யா முக்கியமான வேலையாக இருக்கிறார் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார். உதவியாளர் ஏதோ சொல்ல வாயெடுத்திருக்கிறார். அமைச்சரே அவர் கையை அழுத்தித் தடுத்துவிட்டாராம். பதவிக்கு வந்ததிலிருந்து யாரும் தன்னை நிறுத்தாத சலிப்போ என்னவோ.

நான் பதறிக் கதவைத் தள்ளப் போனேன். கோட்டையாரின் கை குறுக்கே வந்தது. தம்பி, நீங்களும் உட்காருங்கள் என்றார். அமைச்சரும் என்னைப் பார்த்து, இரு என்பதுபோல் கையமர்த்தினார். நான் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய?

பெஞ்சில் அமைச்சருக்கு அடுத்து சுந்தரபாண்டியத்து அம்மாள் ஒருவர் இருந்தார். கிணற்று வழக்கு. பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேசாமலிருப்பது அவருக்கு மரியாதைக் குறைவு.

"உமக்கு என்ன கேஸு? பங்காளித் தகராறா?"

"கிட்டத்தட்ட அப்படித்தாம்மா" என்றார் அமைச்சர்.

"விட்டுக்குடுத்துப் போயிரும். நான் பத்து வருசமா அலையுதேன்."

அமைச்சர் தலையாட்டினார். அதற்குள் வழக்கம்போல் பெஞ்சில் யாரோ வரலாற்றைக் கேட்க, கோட்டையார் தொடங்கிவிட்டார். வெத்தலையய்யா, கண்ணாடியய்யா, பட்ஜெட் பெட்டி. அமைச்சர் முதலில் சிரித்தார். உதவியாளரும் துணிந்து சிரித்தார். அரைக்கதவு போய் முழுக்கதவு வந்த இடத்தில் அமைச்சர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். பதவி போன அமைச்சர்கள் எப்படிப் போவார்கள்?

அதை யாரும் அதுவரை கேட்டதில்லை. கோட்டையார் பட்டையை ஒருமுறை நேராக்கிக்கொண்டார். பிறகு சொன்னார். வெத்தலையய்யா தன் வெற்றிலைச் செல்லத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். கண்ணாடியய்யா எல்லோருக்கும் கை கொடுத்தார். பேசாதய்யாதான் கஷ்டம். தேர்தலில் அவர் தோற்க, புது அமைச்சர் வந்து உட்கார்ந்தும்விட்டார். அதற்கு மறுநாள் காலையில், வழக்கமான நேரத்துக்கு, பேசாதய்யா பழக்க தோஷத்தில் படியேறி அறை வாசலுக்கு வந்துவிட்டார். வாசலில் நின்ற பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது.

"நான் என்ன செய்ய முடியும்யா? உள்ள வேற ஆளு இருக்காங்க. யாரைப் பாக்கணும்னு நான் கேக்க வேண்டியதாப் போச்சு. உன்னையத்தான் பாக்க வந்தேன்னாரு. அம்புட்டு வருசத்துல அவரு எங்கிட்டப் பேசுன ஒரே பேச்சு அதுதான். பெஞ்சுல உக்கார வச்சு காப்பி வாங்கிக் குடுத்தேன். குடிச்சுட்டுப் போயிட்டாரு."

சுந்தரபாண்டியத்து அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அமைச்சர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது தேடிக்கொண்டு ஜீப்பும் அதிகாரிகளும் வந்துவிட்டார்கள். அடுத்த ஊரில் கூட்டம் காத்திருக்கிறதாம். அமைச்சர் எழுந்தார். கோட்டையாரிடம் மட்டும், போய் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டார். ஜீப் சத்தத்தில் சீனியர் விழித்து, கன்னத்தில் நாற்காலித் தடத்தோடு வெளியே ஓடி வந்தபோது சந்தில் புழுதி மட்டும்தான் இருந்தது.

விஷயத்தை நான்தான் சொன்னேன். சீனியர் கோட்டையாரிடம் திரும்பினார்.

"யாருன்னு தெரியாம நிறுத்திட்டேரா?" என்று கேட்டார்.

"தெரியும்யா. பேப்பர்ல படம் பாத்தேன். தெரிஞ்சதுனாலதான் நிறுத்துனேன். நிதியமைச்சர் வந்த உடனே உள்ள விட்டா, உங்களுக்கு வேலையே இல்லைன்னு நினைச்சிருவாருல்லா?"

இதற்கு மறுப்பு சொல்ல எந்தச் சட்டப் புத்தகத்திலும் இடமில்லை. ஒருவேளை இதுவும் நன்மைக்குத்தானோ என்று சீனியரே நம்பத் தொடங்கினார். சில வாரம் அந்த நம்பிக்கையில் ஓடியது. பிறகு அரசு வழக்கறிஞர் பதவி வேறொருவருக்குப் போனது. அமைச்சர் சொன்ன காரணமும் எங்கள் காதுக்கு வந்தது. எங்கள் சீனியர் பெயர்தான் முதலில் இருந்ததாம். ஆனால் அவர் வாசலில் அத்தனை கூட்டம், மூச்சு விட நேரமில்லாத மனிதர் தலையில் அரசாங்க வழக்கையும் கட்டினால் பாவம், வேறு யாருக்காவது கொடுங்கள் என்று அமைச்சரே பரிவோடு சொல்லிவிட்டாராம்.

அன்று சீனியர் கோட்டையாரைப் போகச் சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாளைக்கு வர வேண்டாம் என்றார். கோட்டையார் பட்டையைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

மறுநாள் சீனியரே கதவைத் திறந்து வைத்தார். வந்தவர்கள் நேராக உள்ளே வந்தார்கள். வந்த வேகத்தில் திரும்பினார்கள். வக்கீலுக்கு இறங்குமுகம் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. வரலாறு கேட்க வந்தவர்கள் முற்றிலும் நின்றுவிட்டார்கள். டீக்கடைக்காரர் பஸ் ஸ்டாண்டுக்கு இடம் மாறினார். ஒரு நாள் சீனியர் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஆடு புலி ஆட்டப் பலகையை எடுத்துத் தூசி தட்டினார். என்னையே புலியாக இருந்துகொள்ளச் சொன்னார். எனக்குப் பயமாகிவிட்டது. அன்று மாலையே அவரைக் கூட்டிக்கொண்டு கோட்டையார் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் ஆவுடையக்கா நின்றார்.

"குளிக்காவ. செத்த நேரம் நில்லுங்க."

நின்றோம். சாய்ந்த வெயில் முகத்தில் அடித்தது. கோழிகள் சீனியரின் காலைச் சுற்றின. ஜில்லாக் கோர்ட்டில் நீதிபதியையே எதிர்த்துப் பேசுகிற மனிதர் கைகட்டி நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். கோட்டையார் குளிக்கவில்லை. உள்ளே கண்ணாடி முன்னால் கோட்டுக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்து, என்ன விஷயமாக என்று கேட்டார்.

"கதவு சும்மா கெடக்கு கோட்டையாரே" என்றார் சீனியர்.

அவ்வளவுதான் பேச்சு. எங்களுக்கு முன்னால் அவர் நடந்தார்.

பல வருஷம் கழித்து, தொண்ணூறுகளின் கடைசியில், நான் ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் தனியாக ஆபீஸ் போட்டேன். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மேலே ஃபேன். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் லட்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் யாரும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும். வெறும் ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸிலிருந்து கோட்டையார் இறங்கி வந்தார். நன்றாக மூப்படைந்திருந்தார். கோட்டு இல்லை, பட்டை இல்லை. வேட்டியும் துண்டும்தான்.

வாசலில் நிற்பார் என்று நினைத்தேன். நேராக உள்ளே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். சீனியர் நலம், ஆவுடையக்காவுக்கு முழங்கால் வலி என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் துண்டை மடியில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"அய்யா, ஒரு ஆலோசனை வேணும். பக்கத்து வீட்டு முருங்கை எங்க சுவர்ல சாயுது. நோட்டீஸ் விடலாமான்னு பாருங்க."

அவர் வீட்டுக்கு நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒரு பக்கம் தெரு முக்கு. மறுபக்கம் அடைத்துக் கிடக்கிற ஒரு சரக்குக் கிட்டங்கி. முருங்கை கிடையாது. வேப்பங்கன்றுகூடக் கிடையாது.

நான் புதுத் தாளை எடுத்து, தேதி போட்டு, பெயரும் ஊரும் எழுதினேன். மரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டேன். தெற்கே என்றார். எவ்வளவு உயரம் இருக்கும் என்று கேட்டேன். அண்ணாந்து பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்.

"நல்ல உயரந்தான்யா" என்றார்.

அதையும் எழுதிக்கொண்டேன்.